லாஞ்ச் பேட் சாமான் சுத்தம்: தண்ணீரா, ஆப்ப சோடாவா?

திருகாணி
வணக்கம். ஹூஸ்டன்ல எங்க மாடல் ராக்கெட் கிளப்போட பேட் (ஏவுமேடை) சாமான்களை சீசன் முடிஞ்சு பெட்டியில வைக்கணும். இருக்கிறது இவ்வளவு: ராக்கெட் நேரா ஏற வழிகாட்டுற கம்பி, அதாவது ராட், 3.2 மி.மீ. எட்டு, 4.8 மி.மீ. நாலு, 6.35 மி.மீ. ரெண்டு. கடைசி ரெண்டு ஸ்டெயின்லெஸ், மத்ததெல்லாம் சாதா ஸ்டீல். அதே வேலைக்குப் பள்ளம் வச்ச சட்டம், அதாவது ரெயில்: 1010 ரெண்டு, 1515 ஒண்ணு. மோட்டார் சுடரைத் திருப்பிவிடுற ஸ்டீல் டிஃப்ளெக்டர் தட்டு ஏழு. கால்வனைஸ்டு குழாய்ல செஞ்ச முக்காலி மூணு. ராடைப் பிடிக்க டிரில் சக் வச்ச பேட் நாலு. மோட்டாரைப் பத்தவைக்கிற இக்னைட்டருக்குக் கரன்ட் கொண்டுபோற கிளிப் வயர் பத்து செட்.

கேள்வி ரெண்டு. எல்லாத்தையும் ஒரே கரைசல்ல கழுவலாமா? ராடுக்கு எண்ணெய் பூசி வைக்கலாமா?

நட்டுபோல்ட்
ஒரு பக்கெட் வெந்நீர், ஒரு கைப்பிடி ஆப்ப சோடா. எல்லாத்தையும் முக்கித் தேய்ச்சு எடுங்க. ராக்கெட் புகை அமிலம், சோடா காரம், கணக்கு முடிஞ்சுது.

உலைக்களம்
கணக்கு பாதிதான் முடிந்தது. எந்த மோட்டாரின் புகை என்று கேட்காமலே சோடாவைக் கரைத்துவிட்டீர்கள்.

மோட்டாரின் சக்தியைக் குறிக்கும் எழுத்தில் ஏ முதல் டி வரை உள்ள சின்ன மோட்டார்களில் பெரும்பாலும் கருமருந்துதான். வெடியுப்பு, கரி, கந்தகம், ஏறத்தாழ 75:15:10. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே வெளியே வரும். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு, கொஞ்சம் எரியாத கரி. ஒரு டி12 மோட்டாரில் 21 கிராம் அளவுக்கு மருந்து இருக்கிறது. அதன் கழிவில் எவ்வளவு தட்டில் படியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்பனேட்டும் சல்பைடும் காரம். காரத்தின் மேல் இன்னொரு காரத்தைக் கொட்டி என்ன ஆகப்போகிறது? இந்தக் கழிவு வெறும் தண்ணீரிலேயே கரையும். சூடான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம்.

ஆனால் அன்றைக்கே கழுவ வேண்டும். பொட்டாசியம் கார்பனேட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சாயங்காலம் உலர்ந்த சாம்பல் மாதிரி இருக்கும் தட்டு விடியும்போது கசகசவென்று கருஞ்சேறாகக் கிடக்கும். அந்த ஈரத்தில் கரைந்த உப்புதான் ஸ்டீலைத் துருப்பிடிக்க வைக்கிறது, அலுமினியத்தை அரிக்கிறது. ஹூஸ்டன் காற்றில் ஒரே இரவு போதும்.

காம்போசிட் மோட்டார் கதை நேர் எதிர். அதில் ஆக்சிஜன் தருவது அம்மோனியம் பெர்குளோரேட். எரிந்தால் அதிலுள்ள குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாக வரும். 60 கிராம் மருந்தில் 70 சதவீதம் பெர்குளோரேட் என்று வைத்தால் சுமார் 13 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. பெரும்பகுதி ராக்கெட்டோடு வானத்துக்குப் போய்விடும். முதல் அரை விநாடியில் வந்தது மட்டும் தட்டில் படும், ஈரம் கிடைத்ததும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். சோடாவுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

நட்டுபோல்ட்
சரி. ஆனா கிளப் பேட்ல காலைல கருமருந்து, மத்தியானம் காம்போசிட், ரெண்டும் ஏறுது. அப்போ?

உலைக்களம்
பிஎச் தாளை எடுங்கள். தட்டில் நாலு சொட்டுச் சுத்தத் தண்ணீர் விட்டு, தாளை ஒற்றிப் பாருங்கள். நீலப் பக்கம் (காரம்) போனால் தண்ணீர் மட்டும். சிவப்புப் பக்கம் (அமிலம்) போனால் முதலில் தண்ணீர், பிறகு சோடா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, சுமார் 30 கிராம். ஐந்து நிமிடம் நனைய விட்டு, மறுபடி நன்றாக அலச வேண்டும். சோடாவை அப்படியே காயவிட்டால் அது வெள்ளையாகப் படிந்து ரெயில் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கை. ஆப்ப சோடா வேறு, சலவை சோடா வேறு. சலவை சோடாவும், பாத்திரம் கழுவும் மெஷினில் போடும் பொடியும் அலுமினிய ரெயிலை மங்கலாக்கி அரித்துவிடும். அடுத்தது, கருமருந்துக் கழிவின் மேல் வினிகர் ஊற்றாதீர்கள். சல்பைடோடு அமிலம் சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அது நச்சு வாயு. கதவை மூடிய கராஜில் செய்யவே கூடாது.

ஈயப்பற்று
ஸ்பாஞ்சைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ராக்கெட்டை ஏவுற கன்ட்ரோலரோட சாவியைக் கழட்டிப் பாக்கெட்ல போடுங்க, பேட்டரியைத் துண்டிங்க, கிளிப்ல மிச்ச இக்னைட்டர் தொங்குதான்னு பாருங்க. மிஸ்ஃபயர் ஆன, அதாவது பட்டனை அமுக்கியும் மோட்டார் பத்தாத பேடா இருந்தா கடைசியா பட்டனை அமுக்கினதுல இருந்து 60 விநாடி யாரும் கிட்டப் போகக்கூடாது. என்ஏஆர் (அமெரிக்காவோட தேசிய ராக்கெட்ரி சங்கம்) பாதுகாப்பு விதி அதுதான். சுத்தம் பண்றவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு.

வெடிச்ச மோட்டாரோ, பாதி எரிஞ்சு நின்ன மோட்டாரோ இருந்தா தட்டுல எரியாத கருமருந்துத் துண்டு கிடக்கலாம். அதை உலர்ந்த நிலையில இரும்புத் தகட்டால சுரண்டாதீங்க. முதல்ல தண்ணி ஊத்தி ஊற விடுங்க.

ராட் முனையில மூடி இருக்கணும், இல்லன்னா முனை கண் மட்டத்துக்கு மேல இருக்கணும். குனிஞ்சு தட்டைத் தேய்க்கிறப்பதான் கண்ணுக்கு ஆபத்து அதிகம். ராடைக் கழட்டிட்டே தேய்ங்க.

திருகாணி
நன்றி. ராடுக்கு வருவோம். பாதி ராட்ல கீழ்ப்பக்கம் ஒரு சாண் அளவுக்குக் கறுத்து, தொட்டா சொரசொரன்னு இருக்கு.

உலைக்களம்
அந்த ஒரு சாண்தான் முக்கியம். ராக்கெட் மெதுவாக இருக்கும் இடம் அதுதான். ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், ராடில் கோக்கிற லக் குழாய்க்கும் ராடுக்கும் நடுவே ஒரு மி.மீ. கூட இடைவெளி கிடையாது. அங்கே பிடித்தால் ராக்கெட் தாமதமாகக் கிளம்பும், ராடை விட்டு வெளியேறும்போது வேகம் போதாமல் சாயும். மோசமானால் நகராமலே நின்று மோட்டார் பேடிலேயே எரிந்து தீரும்.

சூடான தண்ணீரில் நனைத்த பழைய துணியால் மேலிருந்து கீழாக இழுங்கள். கீழிருந்து மேலே இழுத்தால் கரியை நல்ல பகுதிக்குப் பூசுகிறீர்கள். துணி கறுப்பாவது நிற்கும்வரை மடிப்பை மாற்றி மாற்றி இழுக்கவும். பிறகு 0000 எண் ஸ்டீல் உல் (மெல்லிய இரும்பு இழைப் பஞ்சு) கொண்டு நீளவாக்கில் பத்துப் பதினைந்து தடவை. குறுக்கே சுற்றித் தேய்த்தால் நுண்ணிய வளையக் கீறல் விழும், அடுத்த முறை கரி அதில் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் துணி.

ஸ்டெயின்லெஸ் ராடுக்கு ஸ்டீல் உல் வேண்டாம். இரும்புத் துகள் அதில் பதிந்து, ஸ்டெயின்லெஸ்ஸே துருப்பிடித்த மாதிரி புள்ளி புள்ளியாகக் காட்டும். நைலான் ஸ்கிரப்பர் போதும்.

துரு உள்ளே இறங்கியிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, பிவிசி குழாயின் ஒரு முனையை மூடி, ராடை நிறுத்தி ஊறவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். துரு போனதும் சோடா தண்ணீரில் முக்கி, அலசி, உடனே துடைத்து ஹேர் டிரையரால் காயவைக்கவும். பத்து நிமிடம் சும்மா விட்டாலே மறுபடி செம்மண் நிறம் படரும். துருப் போனபின் நகத்தால் வருடிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் அந்த ராடைத் தூக்கிப் போடுங்கள். 3.2 மி.மீ. ராட் விலைக்கு அதைக் காப்பாற்றும் நேரம் கட்டுபடியாகாது.

கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் அது வளைந்த ராட். நிமிர்த்த முயல வேண்டாம்.

ஈயப்பற்று
ஸ்டீல் உல் பத்தி ஒண்ணு. அந்த இழை பேட்டரி முனையில பட்டா தீப்பிடிச்சுக்கும், 9 வோல்ட் பேட்டரியே போதும். கன்ட்ரோலர் இருக்கிற மேசையில அதை வச்சுத் தேய்க்காதீங்க. உதிர்ந்த இழை கிளிப்புக்குள்ள போனா ஷார்ட்.

நட்டுபோல்ட்
தேய்ச்சு முடிச்சதும் டபிள்யூடி-40 ஒரு அடி அடிச்சு அப்படியே வைங்க. ராக்கெட்டும் வழுக்கிட்டுப் போகும்.

உலைக்களம்
பெட்டியில் வைக்க அடிக்கலாம். பறக்கவிட வேண்டாம். ஈர எண்ணெய் மேல் முதல் லாஞ்சின் கரி விழுந்தால் அரைக்கும் பசையாகிவிடும். மூன்றாவது லாஞ்சில் ராட் எண்ணெய் போடாததைவிட மோசமாகப் பிடிக்கும். அடுத்த சீசனில் வெளியே எடுத்ததும் ஆல்கஹாலால் முழுக்கத் துடையுங்கள்.

வழுக்கல் வேண்டுமென்றால் கார் பாலிஷ் மெழுகு மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் துணியால் தேய்த்து எடுங்கள். கையில் ஒட்டக்கூடாது, அதுதான் அளவு. சிலிக்கான் ஸ்பிரே நன்றாக வழுக்கும், ஆனால் ராக்கெட் உடம்பில் பட்டால் பிறகு அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். கிராஃபைட் பொடி மின்சாரம் கடத்தும். கிளிப் இருக்கும் இடத்தில் அது எதற்கு? அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பும் வரும். தேங்காய் எண்ணெய் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: நாளானால் சிக்குப் பிடிக்கும், குளிரில் உறைந்துவிடும்.

புதுவரவு
தேங்காய் எண்ணெய்தான் கேக்க வந்தேன் 😀

கானல்
ரெயில் பக்கம் யாரும் வரவில்லையே. 1010 ரெயில் ஓர் அங்குலச் சதுரம், 1515 ஒன்றரை அங்குலம். இரண்டும் அலுமினியம். 1010இல் பள்ளத்தின் வாய் 6.5 மி.மீ. அளவுதான், உள்ளே அகலம். அழுக்கு சேர்வது உள் மூலையில், வெளியிலிருந்து தெரியாது. துணியை மேலாகத் துடைத்துவிட்டு சுத்தம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

நாலு பள்ளமும் கீழே பார்க்கும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், மணல் கொட்டும். பிறகு குழந்தைப் பால் பாட்டில் கழுவும் நைலான் பிரஷ், சோப்புத் தண்ணீர். அலசிய பிறகு ஒரு பழைய ரெயில் பட்டனில் (ராக்கெட்டில் மாட்டி, பள்ளத்துக்குள் ஓடும் குமிழ்) நூல் கட்டி, துணி சுற்றி, பள்ளத்துக்குள் முழு நீளமும் இழுக்கவும். சோதனைக்கும் அதே பட்டன்தான், துணி இல்லாமல். ரெயிலைச் செங்குத்தாக நிறுத்திப் பட்டனை மேலிருந்து விட்டால் நிற்காமல் கீழே வர வேண்டும். நின்ற இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் அது கரியாக இருக்காது, ரெயில் கீழே விழுந்து உதடு நசுங்கிய இடமாக இருக்கும். மெல்லிய அரத்தால் அந்த மேட்டை மட்டும் சீவி, 400 எண் உப்புத்தாள் போட்டால் சரியாகும்.

இரண்டு துண்டாக இணைத்த ரெயில் என்றால் இணைப்பில் நகத்தை மேல்நோக்கி ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் பட்டனும் தட்டும். இணைப்புத் தகட்டின் போல்ட்டைத் தளர்த்தி, சமதளத்தில் இரண்டு துண்டையும் படுக்கவைத்து மறுபடி முறுக்கினால் பெரும்பாலும் நேராகிவிடும்.

நெவாடாவின் பிளாக் ராக், கலிபோர்னியாவின் லூசர்ன் மாதிரி வறண்ட ஏரிப் படுகையில் ஏவிவிட்டு வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பிளாக் ராக் தூசி மாவு மாதிரி மெல்லிசு, காரத்தன்மை உள்ளது. அங்கே கம்ப்ரஸர் காற்று முதலில், தண்ணீர் பிறகு. நேரே நனைத்தால் பள்ளத்துக்குள் களிமண் பூசின மாதிரி இறுகிவிடும். தண்ணீரில் கழுவிய பிறகும் வெள்ளைப் படலம் இருந்தால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர், துடைத்து உடனே அலசல். உலைக்களம் சொன்ன வினிகர் எச்சரிக்கை இங்கேயும் உண்டு: கருமருந்துக் கரி முழுக்கப் போனபிறகுதான்.

திருகாணி
ரெயிலோட அடிப்பக்க போல்ட் ஸ்டெயின்லெஸ். ரெண்டு அசையவே மாட்டேங்குது, சுத்தி வெள்ளைப் பொடி.

கானல்
அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் ஒட்டியிருக்கும் இடத்தில் குளோரைடு ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் தேயும். அந்த வெள்ளைப் பொடி அலுமினியத்தின் அரிப்பு. துருப்போக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, முதலில் முறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்து, பிறகு கழற்றும் பக்கம். ஒரேயடியாக இழுத்தால் தலை முறியும். மாட்டும்போது மரையில் ஆன்டி-சீஸ் பசை, தலைக்கடியில் நைலான் வாஷர்.

நட்டுபோல்ட்
டிஃப்ளெக்டர் தட்டை என்ன பண்றது? நான் தோசைக்கல்லு மாதிரிதான் பழக்கறேன். எண்ணெய் தடவி அடுப்புல காய்ச்சு, கறுப்பா ஒரு படலம் வந்தா துரு பிடிக்காது.

உலைக்களம்
விளிம்புக்கு அது நல்ல வழி, மறுக்க மாட்டேன். நடுவில் முதல் லாஞ்சிலேயே படலம் போய்விடும். தட்டில் எண்ணெய் ஈரமாக மிஞ்சக் கூடாது, புகையும். அடியில் காய்ந்த புல் இருந்தால் வம்பு.

சுத்தம் செய்வதைவிடத் தட்டில் பார்க்க வேண்டியது தடிமன். ஒரே இடத்தில் சுடர் அடித்து அடித்துக் குழி விழும். சுத்தியலின் கைப்பிடி நுனியால் தட்டுங்கள். விளிம்பில் ஒரு ஒலி, நடுவில் தகரம் மாதிரி வேறு ஒலி என்றால் மெலிந்துவிட்டது. ஓட்டை விழுந்தபிறகு மாற்றுவதற்குப் பதில், சீசனுக்கு ஒரு முறை தட்டைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் தேய்மானம் பரவும்.

காம்போசிட் மோட்டார்களில் பலவற்றில் அலுமினியத் தூள் உண்டு. எரிந்தால் அலுமினியம் ஆக்சைடாகும், 2,072 டிகிரி செல்சியஸில்தான் உருகும். தட்டில் சாம்பல் வெள்ளையாக, சொரசொரப்பாக ஒட்டியிருப்பது அதுதான். எந்தச் சமையலறை அமிலத்துக்கும் அது கரையாது. சோடாவில் நாலு மணி நேரம் ஊறப்போட்டு ‘போகவே மாட்டேங்குது’ என்று திகைக்க வேண்டாம். பட்டைத் தகட்டால் தட்டிப் பெயர்த்து, மிச்சத்தை 80 எண் எமரித் தாளால் தேய்க்கவும். கண்ணாடியும் மூக்கு மூடியும் அவசியம். ராடில் அது ஒட்டினால் ஸ்டீல் உல் வெறுமனே வழுக்கும். அந்த இடத்துக்கு மட்டும் 400 எண் நீர்த்தாள்.

முக்காலியின் கால்வனைஸ்டு குழாயை எமரி போட்டுத் தேய்க்காதீர்கள். துத்தநாகப் பூச்சுதான் காவல், அதைச் சுரண்டினால் அடியிலிருக்கும் இரும்பு வெளியே வரும். சிட்ரிக் ஆசிட் தொட்டியிலும் அது போகக்கூடாது. பூச்சு போன இடத்தில் துத்தநாகம் கலந்த பெயின்ட் ஒரு கோட்டு. அந்தக் குழாயை வெல்டிங் செய்வதோ, டார்ச்சால் காய்ச்சுவதோ வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சலை வரவழைக்கும்.

ஈயப்பற்று
இப்ப கிளிப். லாஞ்ச் நடக்காததுக்கு மோட்டாரைத் திட்டுறாங்க, பாதி நேரம் குத்தம் கிளிப்ல.

ஒரு கணக்கு. 6 வோல்ட் கன்ட்ரோலர், நாலு ஏஏ பேட்டரியோட உள் தடையும் வயரும் சேர்த்து 1 ஓம், இக்னைட்டர் 1 ஓம்னு வைங்க. 3 ஆம்பியர் ஓடும். கிளிப் பல்லுல கரி ஏறி 2 ஓம் கூடுச்சுன்னா 1.5 ஆம்பியர்தான். லைட் எரியும், பஸ்ஸர் கத்தும், இக்னைட்டர் மட்டும் சும்மா இருக்கும். சுற்று அறுபடாம இருக்கான்னு (கன்டினியூட்டி) பார்க்கிற சின்ன கரன்ட்டுக்கு அந்த 2 ஓம் ஒரு பொருட்டே இல்ல, அதான் ஏமாத்துது.

ஒவ்வொரு லாஞ்சுக்கும் நடுவுல: 320 உப்புத்தாளை ரெண்டா மடிச்சு, சொரசொரப்பு ரெண்டு பக்கமும் வெளிய வர்ற மாதிரி வச்சு, கிளிப்பை அதுல கவ்வ விட்டு மூணு தடவை இழுங்க. பத்து விநாடி வேலை. சீசன் கடைசியில: கிளிப்பைத் திறந்து வச்சுத் தண்ணில பல் பிரஷ், அப்புறம் ஆல்கஹால், முழுசாக் காய விடுங்க. ரெண்டு கிளிப்பையும் ஒண்ணோட ஒண்ணு கவ்வ விட்டு மல்ட்டிமீட்டர்ல மொத்த வயரையும் அளங்க. மீட்டர் முனை ரெண்டையும் தொட வச்சா வர்ற எண்ணைக் கழிச்சுக்கங்க. போன வருஷ எண்ணைவிட அரை ஓம் ஏறியிருந்தா கிளிப்பை வெட்டி எடுத்துட்டுப் புதுசை ஈயத்தால பத்த வைங்க. நிக்கல் பூச்சு போய் உள்ள செம்பு நிறமோ துருவோ தெரிஞ்சா அளக்கவே வேண்டாம், மாத்துங்க.

இன்னொண்ணு: கிளிப் தொங்கி ஸ்டீல் தட்டுல பட்டா தட்டு வழியா ஷார்ட். தட்டுக்கு மேல ஒரு பழைய மோட்டார் கூட்டை ராட்ல கோத்து ராக்கெட்டை உயர்த்தினா கிளிப் தட்டுக்கு எட்டாது. மோட்டார் வாயில இருந்து தட்டு தள்ளிப்போறதால கரியும் குறைவா திரும்பி வரும்.

புதுவரவு
ரிலே பெட்டியில பித்தளை முனை எல்லாம் கறுத்துப் போச்சு. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் துலக்கலாமா?

ஈயப்பற்று
துலக்கினா பளபளக்கும், புளியில இருக்கிற டார்ட்டாரிக் அமிலம் களிம்பை எடுத்துடும். ஆனா முனையைப் பெட்டியில இருந்து கழட்டி எடுத்தாதான். பெட்டியோட வச்சுத் துலக்கினா புளித் தண்ணி வயர் இழைக்குள்ள ஏறி உள்ளுக்குள்ளயே பச்சைக் களிம்பு பிடிக்கும். கழட்ட முடியலைன்னா பென்சில் ரப்பர் போதும்.

திருகாணி
டிரில் சக் மட்டும் பாக்கி. தாடை மூணும் பாதியில நிக்குது.

உலைக்களம்
கரி மரைக்குள் இறங்கியிருக்கும். முதலில் சூடான தண்ணீர், ஏனென்றால் உப்பு மண்ணெண்ணெயில் கரையாது. உலர்ந்ததும் மண்ணெண்ணெயில் தலைகீழாக ஓர் இரவு. பிறகு முழுக்கத் திறந்து மூடித் திறந்து மூடி, ஊதி, இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய். ஏவும் நாளில் சக்கின் மேல் அலுமினியத் தாளில் ஒரு தொப்பி செய்து ராடில் கோத்துவிட்டால் இந்த வேலை மிச்சம்.

கானல்
ராடைப் பிவிசி குழாயில் வைக்கிறவர்கள் இரண்டு பக்கமும் மூடி போட்டு இறுக்கிவிடாதீர்கள். உள்ளே சிக்கின ஈரம் வெளியே போக வழியில்லாமல் ராட் குழாய்க்குள்ளேயே துருப்பிடிக்கும். கீழ் மூடியில் 3 மி.மீ. துளை இரண்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று. தடித்த ராடும் மெலிந்த ராடும் ஒரே குழாயில் உரசாமல் தனித்தனியாகத் துணி சுற்றி வையுங்கள்.

திருகாணி
பிஎச் தாள் வாங்கியாச்சு. ஏழு தட்டுல அஞ்சு நீலம், ரெண்டு சிவப்பு. சிவப்பு ரெண்டும் 1515 ரெயில் பேடோடது.

நட்டுபோல்ட்
என் பக்கெட்டுக்கு ரெண்டு தட்டாவது மிஞ்சுச்சே.